கைக்குப் புள்ளியிட்ட வரலாறு



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புள்ளி போடுவது நமக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போன வேலை. ஆனால் ஒரு நாள் மாலை நம் வீட்டுக்கே ஒரு புள்ளித்தாள் தேடி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மாணவர் அல்லர். நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர். பக்கவாதம் கண்டு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. வலது கை நெஞ்சோடு ஒட்டி மடங்கிக் கிடந்தது. இடது கையால் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மருத்துவமனையில் கைப்பயிற்சி தருபவர்கள் எழுதிக் கொடுத்த தாள் அது. அதில் 66-க்கு 22 என்று இருந்தது.

"வாத்தியாரே, நீங்கதான் மார்க்கு போடறவரு. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. என் கை பாஸா, பெயிலா?" என்று கேட்டார்.

"இருங்கண்ணே, படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, நாம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதில் தெரியவில்லை. ஒரு மனிதனின் கைக்கு எப்படிப் புள்ளி போடுவது? முழுப் புள்ளி ஏன் 66? 22 என்றால் மூன்றில் ஒரு பங்கு கை திரும்பிவிட்டது என்று பொருளா? அன்று எழுந்த கேள்விகளுக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இதனை 'அப்போப்ளெக்சி' என்றனர். அடித்து வீழ்த்துதல் என்பது அதன் பொருள். இன்று நாம் வழங்கும் 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லுக்கும் அடி என்றே பொருள். நல்லபடியாக நடமாடிய மனிதன் திடீரென்று விழுவதைக் கண்டவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்துவிட்டது என்று எண்ணினார்கள். உண்மையில் அடிபட்டது எது என்பதைப் பிணங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர். 1658-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், மூளைக்குள் இரத்தம் கசிவதாலும், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் அடைபடுவதாலும் இந்நோய் வரக்கூடும் என்று விளக்கினார். அடைப்பு, கசிவு என்ற இந்த இரண்டு வகைகளையே இன்றும் மருத்துவர்கள் பிரித்துப் பேசுகின்றனர்.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் தளர்கிறது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் செல்வதே இதற்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், சில வலிப்பு நோயாளிகளுக்குத் துடிப்பு விரலில் தொடங்கி, கைக்கு ஏறி, பிறகு முகத்துக்குச் செல்வதைக் கவனித்தார். அப்படியானால் மூளைக்குள்ளும் உறுப்புகளுக்கு வரிசையான இடங்கள் இருக்கவேண்டும் என்று ஊகித்தார். 1870-இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினர். 1937-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டும் அவருடன் பணியாற்றிய போல்ட்ரேயும், விழித்திருந்த நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டு மனித மூளைக்கே ஒரு வரைபடம் தந்தார்கள். அதில் கைக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முதுகு முழுவதற்கும் சிறு துண்டு நிலம்; கட்டைவிரலுக்கோ ஒரு தோப்பு. விரல்களின் நுண்மையான வேலைக்கு அவ்வளவு நரம்புச் செல்கள் தேவைப்படுகின்றன. பக்கவாதம் வந்தவர் எழுந்து நடந்த பிறகும் விரல்கள் திரும்பாமல் தவிக்கும் காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். அதன் காரணத்தின் ஒரு பகுதி இந்த வரைபடத்தில் இருக்கிறது.

நோயின் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் குணமாவதை அளப்பது எப்படி? நம் லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால், பார்க்க வருபவர்கள் கேட்பதும் வீட்டார் சொல்வதும் ஒரே மாதிரி இருக்கும். "எப்படி இருக்கு?" என்றால், "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை" என்பார்கள். நெடுங்காலம் மருத்துவக் குறிப்பேடுகளும் இப்படித்தான் இருந்தன. 'சற்று முன்னேற்றம்', 'ஓரளவு அசைவு' என்று எழுதினார்கள். ஒரு மருத்துவரின் 'சற்று' இன்னொரு மருத்துவரின் 'சற்று' ஆகாது. போன மாதத்து 'ஓரளவு' இந்த மாதத்து 'ஓரளவை'விட எவ்வளவு குறைவு என்று சொல்லவும் வழியில்லை. எந்தச் சிகிச்சை பயன் தந்தது, எது தரவில்லை என்று ஒப்பிடுவதற்கும் இடமில்லாமல் போயிற்று.

கருவிகள் இல்லாமல் இல்லை. 1798-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டின் ரெனியே என்பவர் கையின் பிடிவலிமையை முள்ளால் காட்டும் இரும்பு வில் கருவியொன்றை வெளியிட்டிருந்தார். ஆனால் பக்கவாதக் கை முதல் வாரத்தில் எதையும் பிடிப்பதில்லை. கருவியின் முள் சுழியத்திலேயே நிற்கும். தோள் சிறிது உயர்வதையும், முழங்கை மெல்ல மடங்குவதையும் அந்த முள் அறியாது. அந்தச் சிறு அசைவுகளே நோயாளிக்குப் பெரிய செய்தி.

அளவுகோலுக்கான முதல் நல்ல வழி வேறொரு நோயிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பாஸ்டன் நகரில் ராபர்ட் லவெட் என்ற எலும்பு மருத்துவரோடு பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணி, 1912-இல் தசைகளைச் சோதிக்கும் முறையொன்றை எழுதி வெளியிட்டார். அவர் கையிலெடுத்த அளவுகோல் புவியீர்ப்பு. எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் அது ஒரே அளவாக இருக்கிறது. விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. கையைத் தன் எடைக்கு எதிராகத் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால், மேசைமேல் கிடத்தி எடையை நீக்கினால் நகர்த்த முடிகிறதா? இவ்வாறு கேட்டுப் படிப்படியாக வகுத்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது நரம்பு அறுபட்ட போர்வீரர்களைச் சோதிக்க, பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு 1943-இல் இதே கருத்தை 0 முதல் 5 வரையான அளவாக வெளியிட்டது. தசையில் எந்தச் சலனமும் இல்லை என்றால் 0. ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. எடையை நீக்கியபோது அசைந்தால் 2. எடைக்கு எதிராக உயர்ந்தால் 3. சோதிப்பவர் கையால் தடுத்தும் உயர்ந்தால் 4. இயல்பான வலிமை இருந்தால் 5. உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் கட்டிலருகே நின்று இந்த எண்களைத்தான் எழுதுகிறார்கள்.

ஆயினும் நேயர்களே, இந்த அளவு பக்கவாதத்துக்கு முழுவதும் பொருந்தவில்லை. இளம்பிள்ளைவாதத்திலும் நரம்பு அறுந்த காயத்திலும் கேடு தசைக்குப் போகும் நரம்பிலேயே நேர்கிறது. அங்கே தசை தசையாகச் சோதிப்பது சரி. பக்கவாதத்தில் அந்த நரம்பு கெடவில்லை. மேலிருந்து வரும் கட்டளைதான் அறுந்தது. ஆகவே இங்கே தசைகள் தனித்தனியாக விழிப்பதில்லை. கூட்டமாக விழிக்கின்றன.

இதனைப் பொறுமையோடு பார்த்து எழுதியவர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் டுவிட்செல். 121 நோயாளிகளைக் கவனித்து, 1951-இல் 'பிரெயின்' என்ற மருத்துவ ஏட்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பலருக்கும் மீட்சி ஏறக்குறைய ஒரே வரிசையில் வருவதை அவர் கண்டார். முதலில் கை துணிபோலத் தொங்குகிறது. பிறகு தசைகளில் விறைப்பு ஏறுகிறது. அடுத்து, தோளும் முழங்கையும் சேர்ந்தே மடங்கும் அசைவு திரும்புகிறது. கையை மட்டும் தூக்க நினைத்தாலும் முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும். ஒரு கயிற்றை இழுத்தால் பொம்மையின் எல்லா உறுப்பும் ஆடுவதுபோன்ற நிலை அது. அதன்பிறகே ஒவ்வொரு மூட்டும் தன் விருப்பப்படி தனித்து அசையத் தொடங்குகிறது. சிலர் வரிசையின் கடைசிவரை சென்றார்கள். சிலர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

நம் பெரியவரின் கை ஏன் நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது என்பது இதைப் படித்தபோதுதான் நமக்கு விளங்கியது. "மனசு வச்சு நீட்ட மாட்டேங்கிறாரு" என்று அவர் மகன் குறைபட்டுக்கொண்டதை நாம் கேட்டிருக்கிறோம். மனம் வைத்துத்தான் நீட்டுகிறார். ஆனால் கட்டளை கூட்டத்துக்கே போய்ச்சேர்கிறது.

டுவிட்செல் கண்டதை அன்றாடப் பயிற்சிக்கு உதவும் படிக்கட்டாக அமைத்தவர் சிக்னே புருன்ஸ்ட்ரோம். 1898-இல் சுவீடனில் பிறந்து, ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்வி கற்று, அமெரிக்காவில் குடியேறி இயன்மருத்துவராகப் பணிபுரிந்த பெண்மணி அவர். மீட்சியை ஆறு நிலைகளாக வகுத்துச் சோதனை முறைகளை 1966-இல் வெளியிட்டார். 1970-இல் அவருடைய நூல் வந்தது. முதல் நிலை தொங்கும் கை. மூன்றாம் நிலையில் விறைப்பு உச்சத்தில் இருக்கும். கூட்டசைவு மட்டுமே கைவசம் இருக்கும். நான்காம் நிலையில் கூட்டத்தை உடைத்துக்கொண்டு ஓரிரு அசைவுகள் தனியே வரும். ஆறாம் நிலையில் மூட்டுகள் ஏறத்தாழ இயல்பாக, தனித்தனியாக இயங்கும். இந்தப் படிக்கட்டால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. விறைப்பு ஏறும்போது குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். கை மேலும் கெட்டுவிட்டதோ என்று கலங்குகிறார்கள். பலருக்கு அது வழியில் வரும் ஒரு படி என்று எடுத்துச்சொல்ல முடிந்தது.

இப்போது நம் பெரியவரின் 66-க்கு வருவோம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆக்செல் ஃபூகல்-மேயர் என்ற மருத்துவர், தம்முடன் பணிபுரிந்தவர்களோடு சேர்ந்து 1975-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். டுவிட்செலும் புருன்ஸ்ட்ரோமும் காட்டிய வரிசையே அதற்கு அடிப்படை. ஆறு நிலைகள் என்ற பெரிய படிகளைச் சிறு சிறு கேள்விகளாக உடைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றே விடைகள் உண்டு: செய்ய முடியவில்லை என்றால் 0, ஓரளவு செய்தால் 1, முழுமையாகச் செய்தால் 2. அசைவு, உணர்ச்சி, சமநிலை, மூட்டுகளின் வீச்சு, வலி எல்லாம் சேர்த்து மொத்தம் 226 புள்ளிகள். அவற்றில் அசைவுக்கு மட்டும் 100. காலுக்கு 34, கைக்கு 66. கைக்கான 66-இல் தோள், முழங்கை, முன்கை ஆகியவற்றுக்கு 36, மணிக்கட்டுக்கு 10, விரல்களுக்கு 14, வேகத்துக்கும் ஒத்திசைவுக்கும் 6.

சோதனைத்தாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எதிர்ப்பக்க முழங்காலில் இருக்கும் கையைத் தன் பக்கத்துக் காது வரை கொண்டுபோகச் சொல்வார்கள். கையை இடுப்புக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். முழங்கையை மடக்காமல் கையை முன்னே தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். விரல்களுக்கு வரும்போது, கட்டைவிரலுக்கு இடையே ஒரு தாள், இரு விரல் நுனிகளில் ஒரு பென்சில், உள்ளங்கையில் ஒரு சிறு டப்பா, ஒரு டென்னிஸ் பந்து. இவற்றைச் சோதிப்பவர் இழுக்கும்போது விடாமல் பிடிக்கவேண்டும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் முழங்காலையும் மூக்கையும் மாறி மாறி ஐந்து முறை தொடவேண்டும். நல்ல கையைவிட 2 வினாடிக்குள் மட்டும் தாமதித்தால் 2 புள்ளி. 6 வினாடியோ அதற்கு மேலோ தாமதித்தால் 0. நோயாளியின் நல்ல கையே இங்கே ஒப்பீட்டுக்கு உதவுகிறது. இந்தத் தேர்வில் வகுப்பில் முதல் மாணவன் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. தம் கையோடு தம் கையையே ஒப்பிடுகிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் ஆசிரியர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் புள்ளிகள் தராசில் நிறுத்த கிராம் கணக்கு அல்ல. 2 புள்ளி பெற்ற அசைவு 1 புள்ளி பெற்றதைப்போல இருமடங்கு நல்லது என்று பொருளில்லை. 10-இலிருந்து 20-க்கு ஏறுவதும் 50-இலிருந்து 60-க்கு ஏறுவதும் ஒரே தூரம் அல்ல. முன்னது தோள் விழித்ததைக் குறிக்கலாம். பின்னது விரல்களின் நுண்மையைக் குறிக்கலாம். ஆகவே 66-க்கு 22 என்றால் மூன்றில் ஒரு பங்கு கை என்று கணக்கிடுவது தவறு. அதில் 40 வாங்கினால் தேர்ச்சி என்று ஒரு கோடும் எவரும் கிழிக்கவில்லை.

கை அசைவது ஒன்று. கையால் வாழ்வது வேறொன்று. 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மஹோனி, பார்த்தெல் என்ற இரு பெண்கள் இந்த இரண்டாவது கேள்விக்கு ஓர் அட்டவணை வெளியிட்டனர். பிறர் உதவியில்லாமல் உண்ண முடிகிறதா, குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா, படியேற முடிகிறதா என்று கேட்டு 100-க்குப் புள்ளி போடுவது அந்த முறை. மருத்துவமனையிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்ய அது மிகவும் உதவியது. ஆனால் நம் கேள்விக்கு அதில் ஒரு குறை இருந்தது. வலது கை தொங்கிக்கொண்டே இருக்க, எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டவரும் 100-க்கு 100 வாங்கிவிட முடியும். மனிதர் தேறிவிட்டார், கை தேறவில்லை. இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே பாதிக்கப்பட்ட கையே வேலை செய்துகாட்டும் சோதனைகள் தேவைப்பட்டன. அதே 1965-இல் பால்டிமோர் நகரின் டக்ளஸ் கேரல் 33 செயல்கள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். 1981-இல் லைல் என்பவர் அதனைச் சுருக்கி 19 செயல்களாக அமைத்தார். முழுப் புள்ளி 57. மரக்கட்டைகள், கிரிக்கெட் பந்து, கத்தி தீட்டும் கல், கோலிக்குண்டு, சின்னஞ்சிறு இரும்புக் குண்டு ஆகியவற்றை எடுத்து மேலே ஒரு தட்டில் வைக்கவேண்டும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீரை ஊற்றவேண்டும். கையைத் தலைக்குப் பின்னாலும், உச்சியிலும், வாய்க்கும் கொண்டுபோகவேண்டும். லைல் இதில் ஓர் அருமையான ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பகுதியிலும் கடினமான செயலை முதலில் கொடுப்பார்கள். அதை முழுமையாகச் செய்துவிட்டால் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி, மீதியைச் செய்யவேண்டியதில்லை. முடியாவிட்டால் எளிதானதைக் கொடுப்பார்கள். அதுவும் சற்றும் முடியாவிட்டால் அந்தப் பகுதியை அதோடு விட்டுவிடுவார்கள். களைத்துப்போன நோயாளியைத் திரும்பத் திரும்பத் தோற்கச் செய்யாத தேர்வு இது.

சோதனை மேசையில் முடிந்தது வீட்டிலும் நடக்கிறதா? வரலாற்றின் அடுத்த திருப்பம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்திருந்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை அறுத்துவிட்டால், அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தால், வேறு வழியின்றிப் பழைய கையை எடுக்கிறது. முயன்று முயன்று தோற்றதால் 'இந்தக் கை வேண்டாம்' என்று குரங்கு கற்றுக்கொண்டுவிட்டது என்று அவர் விளக்கினார். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று கருதி, நல்ல கைக்கு உறை மாட்டித் தளர்ந்த கையைப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஏழு இடங்களில் 222 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களுக்கு, இரண்டு வாரச் சிகிச்சை தெளிவான பயன் தந்தது.

இந்த வேலைக்காகவே ஒரு புதிய வினாத்தாளும் பிறந்தது. 'பல் தேய்க்க அந்தக் கையை எடுத்தீர்களா? விளக்கு விசையைத் தட்ட எடுத்தீர்களா? எவ்வளவு? எப்படி?' என்று நோயாளியையே கேட்பது அது. பிறகு இரண்டு மணிக்கட்டுகளிலும் கடிகாரம்போன்ற அசைவுமானிகளைக் கட்டி, நாள் முழுதும் எந்தக் கை எவ்வளவு நேரம் இயங்குகிறது என்று கருவியே எண்ணத் தொடங்கியது. அது சொன்ன செய்தி பலரைத் திகைக்க வைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லாங் என்ற பேராசிரியரின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனை மேசையில் புள்ளிகள் உயர்ந்தவர்களுக்கும் வீட்டில் கையின் பயன்பாடு உயரவில்லை. தேர்வில் நன்றாக எழுதும் பிள்ளை கடைத்தெருவில் கணக்கிடத் திணறுவதை நாம் பார்த்ததில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இனி, நோயாளிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி: 'என் கை திரும்புமா?' அளவுகோல் என்பது நடந்ததைச் சொல்வதோடு நடக்கப்போவதையும் சொல்லுமா? நெதர்லாந்தில் 188 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பக்கவாதம் கண்ட இரண்டாம் நாளில் விரல்களைச் சற்றேனும் நீட்டவும், கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் சற்று விலக்கவும் முடிந்தவர்களில், 100-க்கு 98 பேர் ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் பெறும் வாய்ப்பு இருந்தது. இரண்டும் முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பு 100-க்கு 25. ஓரளவு என்றுதான் சொன்னோம். முழுத்திறன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் கேத்தி ஸ்டினியர் குழுவினர், இதே இரண்டு அசைவுகளுக்கும் பழைய 0 முதல் 5 வரையான அளவால் மூன்று நாளுக்குள் புள்ளியிட்டுக் கூட்டி, 10-க்குக் கணக்கிடுகிறார்கள். 5-க்குக் குறைந்தால், தலைக்கு வெளியேயிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தி, கட்டளை மணிக்கட்டு வரை வந்துசேர்கிறதா என்று பார்க்கிறார்கள். 2017-இல் வெளியான இந்த முறை நான்கு பேரில் மூன்று பேருக்குச் சரியாக முன்னறிவித்தது. பாருங்கள், 1912-இல் ஒரு பெண்மணி புவியீர்ப்பைக் கொண்டு தொடங்கிய வழி, நூறு ஆண்டு கழித்தும் கட்டிலருகே பயன்படுகிறது.

எண்கள் நம்மை ஏமாற்றவும் கூடும். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அழகான விதியைச் சொன்னார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலரைத் தவிர மற்றவர்கள், இழந்த புள்ளிகளில் ஏறக்குறைய 100-க்கு 70 பங்கைத் திரும்பப் பெறுகிறார்கள் என்பது அது. தொடக்கத்தில் 26 வாங்கியவர் இழந்தது 40, திரும்பப் பெறுவது 28, முடிவில் 54. கணக்கு இனிமையாக இருந்தது. ஆனால் 2019-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் குறுக்கிட்டன. 66 என்ற உச்சவரம்பு இருக்கும்போது, 60 வாங்கியவர் 6-க்கு மேல் ஏறவே முடியாது. குறைவாகத் தொடங்கியவருக்குத்தான் ஏற இடமிருக்கிறது. ஆகவே தாறுமாறான எண்களைக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு ஓர் ஒழுங்கு இருப்பதுபோலக் காட்டிவிடும் என்று விளக்கினார்கள். வகுப்பில் 95 வாங்கும் பிள்ளையைப் பார்த்து, 'இந்தத் தவணை 5 புள்ளிதானே உயர்ந்தாய்' என்று குறைசொல்லும் ஆசிரியரின் தவறுக்கு இது உறவுமுறை. இந்த விதி முற்றும் பொய் என்று எவரும் முடிவுகட்டவில்லை. ஆனால் ஒரு நோயாளியிடம் 'உமக்கு இத்தனை புள்ளிதான்' என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது விளங்கிவிட்டது.

இத்தனை அளவுகோல்கள் பெருகியதால் ஒரு சிக்கலும் எழுந்தது. ஆளுக்கொரு கோலால் அளந்தால் ஒருவர் ஆய்வை இன்னொருவர் ஆய்வோடு எப்படிக் கூட்டுவது? 2017-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி, கைக்கான எல்லா ஆய்வுகளிலும் ஃபூகல்-மேயர் சோதனையும் லைலின் 19 செயல் சோதனையும் இடம்பெறட்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஒன்று கையின் அசைவைச் சொல்கிறது. மற்றது கையின் வேலையைச் சொல்கிறது. 1975-இல் பென்சிலையும் டப்பாவையும் பந்தையும் கொண்டு தொடங்கிய தேர்வு, இயந்திரக் கைகளும் மின்னணுக் கருவிகளும் வந்த பிறகும் நீக்கப்படவில்லை.

நேயர்களே, நாம் படித்ததையெல்லாம் பெரியவரிடம் போய் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "அண்ணே, இது பாஸ் பெயில் பரீட்சை இல்லை. கை எந்தப் படியில நிக்குதுன்னு காட்டுற கணக்கு. அடுத்த முறை அதே ஆளு, அதே மாதிரி, மறுபடியும் அளப்பாங்க. அப்போ ரெண்டு தாளையும் சேர்த்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்போ வீட்டுலயும் அளக்கலாமே?" என்றார்.

அவர் வீட்டில் பழைய மங்கு ஒன்று இருந்தது. பால் வடியும் மரத்தில் ஒரு காலத்தில் அவரே கட்டிய மங்கு. கைப்பயிற்சி தருபவரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலையும் அதை மேசையிலிருந்து வலது கையால் பிடித்துப் பக்கத்துப் பலகைமேல் வைக்கப் பழகினார். அவர் மனைவி கதவின் பின்புறம் நாள்தோறும் சாக்கட்டியால் கோடு போட்டார். முதல் வாரத்தில் ஒரு கோடும் இல்லை. மங்கு உருண்டு விழுந்த நாட்கள்தாம். பிறகு ஒரு கோடு. அப்புறம் இரண்டு.

சில மாதங்கள் கழித்து இரண்டாவது தாள் வந்தது. அதில் 34 என்று இருந்தது. மரம் சீவும் கத்தியை அந்தக் கை மீண்டும் பிடிக்கவில்லை. இனிப் பிடிக்கும் என்று நாமும் சொல்லமாட்டோம். சட்டைப் பொத்தானை இன்றும் மனைவிதான் போடுகிறார். ஆனால் நாம் போயிருந்த அன்று அவர் காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துத் தாமே குடித்தார். பாஸா, பெயிலா என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து அதன் பின்புறத்தைக் காட்டினார். அங்கே முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை கோடுகள் இருந்தன.

நம் வீடுகளிலும் இந்நோய் வரலாம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தளர்ந்தால், பேச்சு குழறினால், 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்று காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அளக்கத் தொடங்கும்போது, தேதி போட்டு, அதே முறையில் அளந்து எழுதிவைக்க வேண்டும். கை அசைகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அந்தக் கை இன்று வீட்டில் எந்த வேலையைச் செய்தது என்றும் கேட்க வேண்டும். புள்ளியைக் கொண்டு மனிதரை எடைபோட வேண்டாம். அவருக்கு அடுத்த படி எது என்று காட்டுவதற்குத்தான் புள்ளி. பிள்ளைகளுக்குப் புள்ளி போடும்போதும் இதை மறக்கக் கூடாது என்று அந்தக் கதவின் கோடுகளைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது.